டிஸ்சார்ஜ் புத்தகத்தில் விடுபட்ட பதக்கம்: படைவீரரின் பதிவைத் திருத்துவது எப்படி?

ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகும் வழியில் என் பெரியப்பாவின் வீடு இருக்கிறது. வாசலில் காப்பிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்த ஒரு ஜனவரிக் காலையில், கட்டிலுக்கு அடியிலிருந்து கறுப்பு டிரங்குப் பெட்டியை இழுத்தார். மூடியில் வெள்ளைப் பெயின்டால் அவருடைய எண், பதவி, பெயர் எழுதியிருந்தன. திறந்ததும் அந்துருண்டை வாசனை. கம்பளிச் சட்டைக்கும் பழைய பெல்ட்டுக்கும் கீழே, பாலிதீன் உறைக்குள், ஓய்வுபெறும்போது ராணுவம் கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகம் இருந்தது. பதக்கங்களுக்கான பக்கத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தார்.

"கண்ணு, இதைப் படி."

மூன்று வரிகள் இருந்தன. 1965-ஆம் ஆண்டு ரக்ஷா பதக்கம், சங்கிராம் பதக்கம், சுதந்திர வெள்ளிவிழாப் பதக்கம்.

"பூர்வி ஸ்டார் எங்கே?" என்று கேட்டார்.

1971 டிசம்பர் போரில் அவர் கிழக்குப் போர்முனையில் இருந்தார் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பெரியம்மா அந்த மாதம் முழுக்க ரேடியோவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த கதையைக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம். அதற்கான பூர்வி ஸ்டார் பதக்கம் அந்தப் பக்கத்தில் மட்டும் இல்லை.

அன்று தொடங்கியது என்னுடைய படிப்பு. அதன் பிறகு மலையிலும் கீழே சேலத்திலும் உள்ள சில முன்னாள் படைவீரர்களுக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். எல்லோருமே ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். "எனக்குப் பதக்கம் தரவில்லை" என்று எழுதுகிறார்கள். பதிவு எந்த இடத்தில் அறுந்தது என்று யாரும் தேடுவதில்லை. அதைத் தேடத் தெரிந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

முதலில் பதக்கத்தில் உள்ள இரண்டு வகைகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா, வீர் சக்ரா, அசோக சக்ரா, சேனா பதக்கம் போன்ற வீரப் பதக்கங்கள் ஒருவர் செய்த ஒரு செயலுக்காகத் தரப்படுபவை. மேலதிகாரி பரிந்துரைக்க வேண்டும், அது பல படிகள் ஏற வேண்டும், கடைசியில் அரசிதழில் வெளியாக வேண்டும். சேவைப் பதக்கங்கள் அப்படியல்ல. இன்ன இடத்தில், இன்ன காலத்தில் பணியில் இருந்தீர்களா என்பதுதான் அங்கே கேள்வி. இருந்திருந்தால் அது உங்கள் உரிமை. யாருடைய பரிந்துரையும் வேண்டாம்.

1971 போரில் கிழக்குப் போர்முனையில் இருந்தவர்களுக்கு பூர்வி ஸ்டார், மேற்கே இருந்தவர்களுக்கு பஸ்சிமி ஸ்டார். சங்கிராம் பதக்கம் இன்னும் அகலமானது. 1971 டிசம்பர் 3 முதல் 1972 டிசம்பர் 20 வரை நடவடிக்கைப் பகுதிகளில் பணியாற்றியவர்களுக்கு உரியது. 1999 கார்கில் போருக்கு ஆப்பரேஷன் விஜய் ஸ்டாரும் ஆப்பரேஷன் விஜய் பதக்கமும் உண்டு. சியாச்சினுக்குத் தனிப் பதக்கம். எதிரியின் தாக்குதலில் காயம்பட்டவர்களுக்குப் பராக்கிரம் பதக்கம். ஒன்பது, இருபது, முப்பது ஆண்டுப் பணிக்கு நீண்ட சேவைப் பதக்கங்கள். 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தவர்களுக்கு வெள்ளிவிழாப் பதக்கம், 1997 ஆகஸ்ட் 15 அன்று இருந்தவர்களுக்குப் பொன்விழாப் பதக்கம். இந்தக் கடைசி இரண்டும் ஒரு தேதியை மட்டுமே கேட்பவை. ஆகவே டிஸ்சார்ஜ் புத்தகத்தில் சேர்ந்த நாளையும் ஓய்வுபெற்ற நாளையும் வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தே சரிபார்த்துவிடலாம்.

நான் இங்கே எழுதுவது சேவைப் பதக்கங்களைப் பற்றியும், அரசிதழில் வெளியாகியும் ஏட்டில் ஏறாமல் போன வீரப் பதக்கங்களைப் பற்றியும் மட்டுமே. "அன்று அவர் செய்த காரியத்துக்கு வீர் சக்ரா கொடுத்திருக்க வேண்டும்" என்ற மனக்குறை பல குடும்பங்களில் உண்டு. அதில் நியாயமும் இருக்கலாம். ஆனால் பரிந்துரையே போகாத ஒரு வீரச் செயலுக்குப் பல ஆண்டுகள் கழித்துப் பதக்கம் கேட்பது பதிவுத் திருத்தம் ஆகாது. இரண்டையும் ஒரே மனுவில் கலந்து எழுதினால், எளிதாகக் கிடைக்க வேண்டியதும் அதோடு சேர்ந்து நின்றுவிடும்.

பதிவு எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். நமக்குப் பழக்கமான நிலத்தை வைத்தே சொல்கிறேன். வயலை மூன்று தலைமுறையாக நீங்கள்தான் உழுகிறீர்கள், ஊருக்கே தெரியும். ஆனால் பட்டாவில் பெயர் இல்லை. அப்போது என்ன செய்வீர்கள்? மூலப்பத்திரத்திலிருந்து ஒவ்வொரு கைமாற்றமாகத் தொடர்ந்து வந்து, எந்த இடத்தில் பெயர் விடுபட்டது என்று பார்ப்பீர்கள். ராணுவப் பதிவிலும் அதே வேலைதான்.

ஒரு சிப்பாயின் வாழ்க்கையில் நடக்கும் ஒவ்வொன்றையும், அதாவது விடுப்பு, பதவி உயர்வு, திருமணம், குழந்தை பிறப்பு, மருத்துவமனையில் சேர்ந்தது, பதக்கத் தகுதி எல்லாவற்றையும் அவருடைய யூனிட் ஓர் உத்தரவாக வெளியிடும். இதற்குப் பார்ட் டூ ஆர்டர் என்று பெயர். இது படைப்பிரிவின் ரெக்கார்ட் அலுவலகத்துக்குப் போகும். அங்கே ஷீட் ரோல் என்ற அவருடைய பணிப் பதிவேட்டில் பதிவாகும். ஷீட் ரோல்தான் மூலம். ஓய்வுபெறும்போது அதிலிருந்து எடுத்து எழுதுவதுதான் நம் வீட்டுப் பெட்டியில் இருக்கும் டிஸ்சார்ஜ் புத்தகம். ஆகப் பதக்கம் விடுபட மூன்று இடங்கள் இருக்கின்றன. யூனிட் உத்தரவு வெளியிடாமல் விட்டிருக்கலாம். உத்தரவு வந்தும் ஷீட் ரோலில் ஏறாமல் போயிருக்கலாம். ஷீட் ரோலில் இருந்தும் புத்தகத்தில் எழுதும்போது கை தவறியிருக்கலாம். மூன்றாவதாகச் சொன்னதுதான் இருப்பதிலேயே எளிது. மூலம் சரியாக இருப்பதால் நகலைத் திருத்தினால் போதும். முதலாவதுதான் கடினம், ஏனென்றால் அங்கே இருந்தீர்கள் என்பதையே நிறுவ வேண்டியிருக்கும்.

விடுபடுவதற்கான காரணங்களில் காலமும் ஒன்று. போர் நடக்கும்போதே அந்தப் போருக்கான பதக்கம் அறிவிக்கப்படுவதில்லை. 1965 போருக்கான சமர் சேவா ஸ்டாரும் ரக்ஷா பதக்கமும் 1967-இல்தான் ஏற்படுத்தப்பட்டன. 1971 போருக்கான பூர்வி, பஸ்சிமி ஸ்டார்கள் 1973-இல் வந்தன. போரில் இருந்துவிட்டு 1972-இல் பணிக்காலம் முடிந்து ஊருக்கு வந்த ஒருவரை எண்ணிப்பாருங்கள். அவர் புத்தகத்தை வாங்கிக்கொண்டு சேலம் ஜங்ஷனில் இறங்கியபோது அந்தப் பதக்கமே பிறக்கவில்லை. யார் மீதும் குற்றமில்லை, ஆனாலும் பக்கம் காலி. பின்னால் பதக்கம் அறிவிக்கப்பட்ட செய்தி மலைக்கிராமத்துக்கு எப்படி வந்து சேரும்? இப்படி விடுபட்டவர்களுக்குத் தாங்கள் ஒன்றை இழந்திருக்கிறோம் என்பதே தெரியாது. என்னை மிகவும் உறுத்துவது இதுதான்.

அடுத்தது, வேறு யூனிட்டோடு இணைத்து அனுப்பப்பட்டவர்கள். டிரைவர்கள், சமையல்காரர்கள், சிக்னல்காரர்கள், மருத்துவ உதவியாளர்கள் இதில் அதிகம் அகப்படுகிறார்கள். சொந்த யூனிட் ஓரிடத்தில் இருக்கும், ஆள் மூன்று மாதம் இன்னோரிடத்தில் இருப்பார். சொந்த யூனிட் பட்டியல் தயாரிக்கும்போது "நம் யூனிட் மேற்கே இருந்தது" என்று எழுதிவிடும். இணைந்திருந்த யூனிட்டோ "இவர் நம் ஆள் இல்லை" என்று விட்டுவிடும். என் பெரியப்பாவுக்கு நடந்தது இதுதான்.

பதவி உயர்விலும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஹவில்தாராக இருப்பவர் அடுத்த படியான நாயப் சுபேதார் ஆகும்போது அவருடைய எண் மாறும்; ஜே.சி. என்று தொடங்கும் புதிய எண் வரும். சிப்பாயாக இருந்தபோது பெற்ற தகுதி பழைய எண்ணில் கிடக்கும். ஆகவே சுபேதார், சுபேதார் மேஜராக ஓய்வுபெற்றவர்கள் மனுவில் இரண்டு எண்களையும் எழுத வேண்டும்.

நம் பெயர்கள் தரும் தொல்லையையும் சொல்லியாக வேண்டும். 'முத்துசாமி' என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம்! ஒரு 'டி'யா இரண்டா, 'எச்' உண்டா இல்லையா, சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா? தமிழே தெரியாத ஓர் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதுதான் பல புத்தகங்களில் இருக்கிறது. இனிஷியல் சில இடங்களில் முன்னால், சில இடங்களில் பின்னால், சில இடங்களில் அப்பாவின் முழுப் பெயராக விரிந்திருக்கும். பதக்கத் திருத்தத்துக்கு எழுதும்போது ஆதாரில் உள்ள எழுத்தைப் பயன்படுத்தாதீர்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் எப்படி இருக்கிறதோ, தவறாகவே இருந்தாலும், அப்படியே எழுதுங்கள். பெயர்த் திருத்தம் வேறு வழக்கு, அதைத் தனியாக நடத்த வேண்டும்.

இனி வீட்டில் என்ன தேடுவது? டிஸ்சார்ஜ் புத்தகமும் பென்ஷன் உத்தரவான பி.பி.ஓ.வும் எல்லோரிடமும் இருக்கும். அவற்றுக்கு அப்பால், பெட்டியின் அடியில் கிடக்கும் சின்னச் சின்னக் காகிதங்கள்தான் சாட்சி சொல்லும். விடுப்புச் சான்று, பயண உத்தரவு, மருத்துவமனைச் சீட்டு. அவற்றில் உள்ள வட்ட முத்திரை எந்த யூனிட்டுடையது, தேதி என்ன என்று பாருங்கள். பதக்கம் கையில் இருந்தால் அதன் விளிம்பை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். அரசு வழங்கிய பதக்கங்களில் எண்ணும் பெயரும் பொறிக்கப்பட்டிருப்பது உண்டு. கண்டோன்மென்ட் கடைகளில் வாங்கும் மாதிரிப் பதக்கத்தில் அது இருக்காது. கடையில் வாங்கிய பதக்கத்தை அணிந்து எடுத்த புகைப்படம் ஆதாரம் ஆகாது என்பதால் இதைச் சொல்கிறேன். விளிம்பைத் தேய்த்துப் பளபளப்பாக்கவும் வேண்டாம். நம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக்கு மெருகேற்றுவதுபோல ஒருவர் தன் அப்பாவின் பதக்கத்துக்கு மெருகேற்றி, எண்ணில் பாதியை அழித்துவிட்டார்.

எங்களுக்கு வழி காட்டியது பெரியம்மாவின் அரிசி டின். அதில் பெரியப்பா எழுதிய கடிதங்களைக் கட்டி வைத்திருந்தார். போர்முனையிலிருந்து வரும் கடிதத்தில் ஊர்ப்பெயர் இருக்காது. ராணுவ அஞ்சல் முகவரிதான் இருக்கும். வடக்கு, மேற்குப் பகுதிகளுக்கு '56 ஏ.பி.ஓ.', கிழக்குக்கு '99 ஏ.பி.ஓ.'. 1971 அக்டோபர் வரை வந்த கடிதங்களில் 56 இருந்தது. நவம்பர் கடைசியில் வந்த இன்லண்ட் கடிதத்தில் 99. "நலம். கடிதம் தாமதமானால் கவலைப்பட வேண்டாம்" என்று இரண்டே வரிகள். பெரியம்மா அந்த எண்ணின் பொருள் தெரியாமலேயே ஐம்பது ஆண்டுகள் அதை வைத்திருந்தார். கடிதம் மட்டும் தகுதியை நிறுவிவிடாது. ஆனால் எந்த மாதத்தில் எங்கே தேட வேண்டும் என்று அது காட்டியது. பிறகு பெட்டியைக் கொட்டித் தேடியபோது 1972 ஜனவரியில் கிழக்கிலிருந்து விடுப்பில் வந்த சான்று கிடைத்தது. இணைந்திருந்த யூனிட்டின் முத்திரையும் அதிகாரியின் கையெழுத்தும் அதில் இருந்தன.

மனு போக வேண்டிய இடம் ரெக்கார்ட் அலுவலகம். இதில் பலர் பென்ஷன் வரும் வங்கிக்கு அலைகிறார்கள். வங்கியால் ஒன்றும் செய்ய முடியாது. ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ரெக்கார்ட் அலுவலகம் தனித்தனி. மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு நம் நீலகிரியில் வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்கள் எனப்படும் பொறியாளர் படைக்குப் பெங்களூரு. பீரங்கிப்படைக்கு நாசிக், சிக்னலுக்கு ஜபல்பூர், மின், இயந்திரப் பொறியாளர் பிரிவான இ.எம்.இ.க்கு செகந்திராபாத், மருத்துவப் பிரிவுக்கு லக்னோ. விமானப்படைக்கு டெல்லி, கடற்படை மாலுமிகளுக்கு மும்பை. எல்லைப் பாதுகாப்புப் படை, சி.ஆர்.பி.எஃப். போன்றவை உள்துறையின் கீழ் வருபவை, அவற்றின் வழி வேறு.

நேராகவே எழுதலாம். ஆனால் ஆங்கிலத்தில் மனு எழுத உதவி தேவைப்படுபவர்களும், வயதானவர்களும் சேலம் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்புவது நல்லது. சான்றொப்பமும் முகப்புக் கடிதமும் அங்கே கிடைக்கும். பதில் வராவிட்டால் நினைவூட்டவும் ஓர் இடம் இருக்கும். ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வருபவர்கள் அசல், நகல், இரண்டு புகைப்படம் எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்துக்கொண்டு வாருங்கள். ஒரு ஜெராக்ஸ் குறைந்ததற்காக எண்பது வயதுக்காரர் திரும்பவும் மலையேறி இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

மனு ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. எண், பதவி, பெயர், சேர்ந்த நாள், ஓய்வுபெற்ற நாள், பி.பி.ஓ. எண், இன்றைய முகவரி. பிறகு ஒரு பத்தி: இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை இன்ன யூனிட்டில் இருந்தேன், அதன் அடிப்படையில் இன்ன பதக்கத்துக்குத் தகுதி உண்டு, டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அது பதிவாகவில்லை, ஷீட் ரோலைச் சரிபார்த்து, தேவையானால் பார்ட் டூ ஆர்டர் வெளியிட்டு, திருத்தித் தர வேண்டுகிறேன். அவ்வளவுதான். எண்ணின் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். நாங்கள் முதலில் அனுப்பிய மனு அந்த ஒற்றை எழுத்து இல்லாததால் திரும்பி வந்தது, மூன்று மாதம் வீணானது. அசல் டிஸ்சார்ஜ் புத்தகத்தை முதல் மனுவோடு அனுப்ப வேண்டாம். திருத்தம் எழுதுவதற்காக அவர்கள் கேட்டால், எல்லாப் பக்கங்களையும் நகல் எடுத்துச் சான்றொப்பம் வாங்கிக்கொண்டு, ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

இதற்கெல்லாம் முன்பாக ஒரு வேலை செய்வது நல்லது என்பது என் அனுபவம். 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், உங்கள் ஷீட் ரோலின் நகலையும், பதக்கங்கள் தொடர்பான பார்ட் டூ ஆர்டர்களின் நகலையும் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், போஸ்டல் ஆர்டராக வைக்கலாம். பொதுவாக 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். இந்தச் சட்டம் திருத்தம் செய்து தராது, நகல் மட்டுமே தரும். "ஏன் எனக்குத் தரவில்லை?" என்று அதில் கேட்டால் பயனில்லை, ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். நகல் கைக்கு வந்ததும் சங்கிலி எங்கே அறுந்தது என்பது வெட்டவெளிச்சமாகிவிடும்.

பழைய ஆவணங்களில் சில, குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அழிக்கப்படுவதும் உண்டு. பென்ஷன் இல்லாமல் குறைந்த காலம் பணியாற்றி வந்தவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். "ஆவணம் இல்லை" என்று பதில் வந்தால், லாங் ரோல் என்ற நிரந்தரப் பேரேட்டில் உள்ள பதிவைக் கேட்டு எழுதுங்கள். உடன் பணியாற்றியவர்கள் உயிரோடு இருந்தால், அவர்களிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி வையுங்கள். முதன்மையான ஆதாரம் ஆகாது என்றாலும் துணை நிற்கும்.

படைவீரர் இறந்துவிட்டால் மனைவி எழுதலாம். அவரும் இல்லையென்றால், வாரிசு என்பதற்கான சான்றோடு பிள்ளைகள் எழுதலாம். எல்லாம் செய்தும் காரணமில்லாமல் மறுத்தால், 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை சென்னையில் இருக்கிறது. சேவைப் பதக்கத்துக்காக அங்கே வரை போக வேண்டிய தேவை எனக்குத் தெரிந்தவர்கள் யாருக்கும் வரவில்லை. போருக்கான சேவைப் பதக்கத்தால் மாதப் பணம் எதுவும் வராது என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். வீரப் பதக்கத்துக்குத்தான் மாதப்படி உண்டு. காயம்பட்டவர் நிலை மட்டும் வேறு. போரில் பட்ட காயம் என்ற பதிவு சரியாக இருந்தால் போர்க்காய பென்ஷனுக்கான வழி திறக்கலாம். ஆகவே பராக்கிரம் பதக்கம் விடுபட்டிருந்தால், மருத்துவ ஆவணங்களோடு அதை முதலில் கவனியுங்கள்.

"பணம் வராது என்றால் எதற்கு இந்த அலைச்சல்?" என்று என் தம்பி பெரியப்பாவிடம் கேட்டான். பெரியப்பா கோபப்படவில்லை. "நான் அங்கே இருந்தேன்டா" என்றார்.

இரண்டாவது மனு அனுப்பி ஏழு மாதம் கழித்து, திருத்தத்துக்காக அனுப்பிய புத்தகம் திரும்பி வந்தது. தபால்காரர் கொடுத்த உறையைப் பெரியப்பா தானே கத்தரிக்கோலால் ஓரம் வெட்டிப் பிரித்தார். மூன்று வரிகளும் மங்கிய நீலத்தில் இருந்தன. நான்காவது வரி புதிய கறுப்பு மையில், பக்கத்தில் சுருக்கொப்பம், கீழே முத்திரை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தி, தன்னுடைய எண்ணிலிருந்து தொடங்கிச் சத்தமாகப் படித்தார். பெரியம்மா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பதக்கம் இன்னும் வரவில்லை. பதிவு ஏறிய பிறகுதான் அதைக் கேட்க முடியும் என்பதால், அதற்குத் தனியாக எழுதியிருக்கிறோம்.